பொதுக் கணினியில் லாகின் இழுத்தடித்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்தின் விண்டோஸ் கணினிகளை மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். பாஸ்வேர்டு கொடுத்த பிறகு டெஸ்க்டாப் வர மூன்று நான்கு நிமிடங்கள் ஆகின்றன. எல்லாவற்றிலும் 8 ஜிபி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ளன. பராமரிப்பாளர் ரேமைக் கூட்டச் சொல்கிறார். கூட்டலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சிக்கலுக்கும் ரேமுக்கும் தொடர்பு மிகக் குறைவு. ஒரு மாணவரை அவர் இதுவரை நுழையாத ஒரு கணினியில் லாகின் செய்யச் சொல்லி, வெளியேறச் செய்து, அதே கணினியில் உடனே மறுபடி நுழையச் சொல்லுங்கள். இரண்டாம் முறை விரைவாக நுழைய முடிந்தால், தாமதம் புரொஃபைல் (ஒவ்வொரு பயனருக்கும் உரிய கோப்புகளும் அமைப்புகளும் கொண்ட தொகுப்பு) உருவாக்கத்தில் இருக்கிறது.

ஒருவர் ஒரு கணினிக்குள் முதன்முறை நுழையும்போது, விண்டோஸ் ஒரு மாதிரிக் கோப்புறையைப் படியெடுத்து அவருக்கெனத் தனிப் புரொஃபைலை அமைக்கிறது. பிறகு விண்டோஸோடு கூடவே வந்த செயலிகள் ஒவ்வொன்றையும் அவர் பெயரில் பதிவு செய்கிறது. ஒரு மணி நேரம் தட்டச்சுப் பழக வந்த மாணவருக்கு வானிலைச் செயலியையும் விளையாட்டையும் ஆயத்தம் செய்துவிட்டுத்தான் திரையைத் தருவேன் என்று இயங்குதளம் பிடிவாதம் பிடிப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இந்த வேலை முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும்தான். சுழலும் ஹார்டு டிஸ்க் திணறுவது இங்கேதான். ரேமுக்கு ஒதுக்கிய பணத்தில், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். வேண்டாத செயலிகளை உங்கள் கணக்கிலிருந்து மட்டும் நீக்கினால் பயனில்லை. புதிய பயனர்களுக்கு வழங்கப்படும் பட்டியலிலிருந்தே பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவி) வழியாக அவற்றை எடுக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்களை யார் கொடுத்தாலும் நிறுவாதீர்கள். அவற்றில் பல தாமும் லாகின் நேரத்தில் ஓடத் தொடங்கி, இருக்கும் சுமையைக் கூட்டும். ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்பவரிடமும் கவனமாக இருங்கள்: ஃபார்மேட் செய்த மறுநாள் எல்லா மாணவருக்கும் அது முதல் லாகின்தான், ஆகவே அதே காத்திருப்புக்கு நீங்கள் கூலியும் கொடுத்திருப்பீர்கள்.

பழைய புரொஃபைல்களை அழிப்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பயன்படாத புரொஃபைல்களைக் கணினி மறுதொடக்கத்தின்போது நீக்கும் அமைப்பு, நிர்வாகி விதிகளை வகுக்கும் குரூப் பாலிசியில் உண்டு. இடம் காலியாகும் என்று அதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஒருமுறை வந்து போகிறவர்கள் பயன்படுத்தும் கணினிக்கு அது பொருந்தும். வாரம் ஒருமுறை வரும் மாணவருக்கு அந்த எண்ணை 3 என்று வைத்தால், ஒவ்வொரு வாரமும் அவர் புதியவராகிவிடுவார். தாமதத்தை நீங்களே நிரந்தரமாக்குகிறீர்கள். இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட காலத்தைவிட அந்த எண் பெரியதாக இருக்க வேண்டும். மாணவர்கள் டெஸ்க்டாப்பில் வைத்த கோப்புகளும் புரொஃபைலோடு போய்விடும் என்பதை முன்னதாகவே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பயனர் கோப்புறையை மட்டும் கையால் அழிக்கவே கூடாது. ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவு எஞ்சியிருக்கும். அடுத்த முறை அவருக்குத் தற்காலிகப் புரொஃபைல் கிடைக்கலாம், அதில் செய்த வேலை வெளியேறியதும் மறைந்துவிடும். சிஸ்டம் அமைப்புகளில் உள்ள யூசர் புரொஃபைல்ஸ் பட்டியல் வழியாக நீக்குவதே முறை.

இரண்டாம் முறையும் அதே தாமதம் என்றால், உங்கள் மையத்தில் டொமைன் சர்வர் (எல்லாக் கணினிகளின் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கணினி) இருக்கும் பட்சத்தில், நெட்வொர்க் பக்கம் பாருங்கள். புரொஃபைல் முழுவதும் ஒவ்வொரு முறையும் சர்வரிலிருந்து இறங்கலாம், அணைத்துவிட்ட பிரிண்டர் ஒன்றை இணைக்கக் கணினி காத்திருக்கலாம், அல்லது கணினிப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவைக்கான முகவரியாக டொமைன் சர்வருக்குப் பதில் இணைய சேவையின் முகவரி இருக்கலாம். எது என்று ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் குரூப் பாலிசியின் ஆபரேஷனல் பதிவில், 8001 என்ற எண்ணுள்ள நிகழ்வு பாலிசிக்கு ஆன மொத்த நொடிகளையும், 5016 என்பது ஒவ்வொரு பகுதிக்கும் ஆன மில்லிநொடிகளையும் காட்டும். அடுத்த பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன், அந்தப் பதிவைத் திறந்து காட்டுமாறு உங்கள் பராமரிப்பாளரிடம் கேளுங்கள்.