ஒரே கையேட்டில் ஏழு ‘பிட்ச்’: எதற்கு எந்தத் தமிழ்ச் சொல்?

கேள்வி: ட்ரோன் ஒன்றின் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ‘பிட்ச்’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது: திருகாணி, கனெக்டர், ப்ரொப்பெல்லர், பறக்கும் கோணம், கேமரா, மோட்டார் சத்தம், கூரை. மொழிபெயர்ப்பு மென்பொருள் ஏழுக்கும் ‘சுருதி’ என்று போட்டுவிட்டது. பேசாமல் எல்லா இடத்திலும் ‘பிட்ச்’ என்றே விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. ஏழில் ‘சுருதி’க்கு அருகில் வருவது மோட்டார் சத்தம் ஒன்றுதான், அங்கேயும் அந்தச் சொல் ஒட்டாது. ‘பிட்ச்’ என்றே விடத்தக்க இடங்கள் சில உண்டு, எல்லாம் அல்ல. அகராதியைப் புரட்டும் முன் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் அலகைப் பாருங்கள். மி.மீ. என்றால் பெரும்பாலும் வரிசையாக இருக்கும் பொருள்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. பாகை என்றால் சாய்வு. ஹெர்ட்ஸ் என்றால் ஒலி. 4:12 மாதிரி விகிதம் என்றால் கூரை. இந்தக் கணக்கில் அடங்காமல் அடம்பிடிப்பது ப்ரொப்பெல்லர் மட்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

திருகாணி ‘எம்3 × 0.5’ என்று இருக்கும். 3 மி.மீ. விட்டம். 0.5 என்பது ஒரு மரையின் முகட்டிலிருந்து அடுத்த மரையின் முகடு வரை உள்ள தூரம். திருகு அளவியால் கம்பியின் தடிமனை அளந்து படித்தவர்களுக்கு இது ‘புரியிடைத் தூரம்’. பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, “என்ன பிட்ச்?” என்றுதான் கேட்பார்கள். கையேடு பழுதுபார்ப்பவர் கைக்குப் போகிறது என்றால் ‘மரை பிட்ச் 0.5 மி.மீ.’ என்றே எழுதுங்கள். எண்ணை மட்டும் தவறவிடாதீர்கள். 10 மி.மீ. போல்ட் 1.5 பிட்சிலும் வரும், 1.25 பிட்சிலும் வரும். 1.25 போல்ட்டை 1.5 நட்டில் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று தாராளமாகப் போகும், பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். அங்குலத் திருகில் பிட்ச்சை எழுதாமல், ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எழுதுவது வழக்கம். 25.4-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மி.மீ. கிடைக்கும்: ட்ரைபாடில் கேமராவைப் பொருத்தும் கால் அங்குலத் திருகில் 20 மரை, அதாவது 1.27 மி.மீ.

உங்கள் கையேட்டில் இல்லாவிட்டாலும், ‘லீடு’ என்ற சொல் பக்கத்தில் வந்தால் விழித்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு நட் நகரும் தூரம் லீடு. ஒற்றை மரைத் திருகில் லீடும் பிட்ச்சும் ஒரே எண். முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் பரவலாக இருக்கும் டி8 திருகில் நான்கு மரைகள் பின்னிப் போகின்றன: பிட்ச் 2 மி.மீ., லீடு 8 மி.மீ. ஒரு சுற்றுக்கு 3,200 நுண்படிகள் போடும் மோட்டாரில் மில்லிமீட்டருக்கு 400 படி என்பது சரியான கணக்கு. லீடுக்குப் பதில் பிட்ச்சைப் போட்டு வகுத்தால் 1,600 வரும், இயந்திரம் சொன்னதைப்போல் நான்கு மடங்கு நகரும். இரண்டையும் ‘புரியிடைத் தூரம்’ என்று மொழிபெயர்த்தவர்தான் அதற்குப் பொறுப்பு.

கனெக்டரிலும் அதே இடைவெளிப் பொருள்தான், ஆனால் அளப்பது ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை. ‘பின் இடைவெளி’ என்று போட்டால் இரண்டு பின்களுக்கு நடுவே உள்ள காலி இடம் என்று படிப்பவர்கள் உண்டு, அதனால் ‘மையத்துக்கு மையம்’ என்று சேர்த்துவிடுங்கள். பின் பிட்ச் 2.54 மி.மீ. என்று இருந்தால் அதை 2.5 என்று சுருக்கவும் வேண்டாம். 2.54 என்பது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ட்ரோன் பேட்டரிகளின் பேலன்ஸ் ஒயரில் (செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்வதற்கான ஒயர்) இருக்கும் ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச் வகைக் கனெக்டருக்கு நிஜமாகவே 2.5. மூன்று பின் இருந்தால் வித்தியாசம் தெரியாமல் உள்ளே போய்விடும். 16 பின் வரிசையில் 15 இடைவெளிக்கும் 0.04 வீதம் கூடி, கடைசிப் பின் 0.6 மி.மீ. தள்ளி நிற்கும். பின் வளையும், இல்லையென்றால் ஏறவே ஏறாது.

இனி ப்ரொப்பெல்லர். ‘10 × 4.5’ என்பதில் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். இந்த 4.5 இடைவெளியும் இல்லை, கோணமும் இல்லை. காற்று நழுவிக்கொடுக்காத கெட்டிப்பொருளாக இருந்திருந்தால், ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் அதைத் துளைத்துக்கொண்டு எவ்வளவு முன்னேறியிருக்கும் என்ற கற்பனைத் தூரம். மரத்தில் ஏறும் திருகாணியை நினைத்துக்கொண்டால் பெயர் எங்கிருந்து வந்தது என்று புரியும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 27,000 அங்குலம், ஏறத்தாழ நொடிக்கு 11.4 மீட்டர். நிஜத்தில் காற்று நழுவும், அந்த வேகம் அப்படியே வராது. ‘ஒரு சுற்று முன்னேற்றம் (பிட்ச்) 4.5 அங்குலம்’ என்று முதல் தடவை எழுதிவிட்டு, பிறகு ‘பிட்ச்’ என்றே தொடரலாம். அதே மோட்டாரில் அதிக பிட்ச் உள்ளதை மாட்டினால் மின்னோட்டம் கூடி மோட்டார் சூடாகும் என்பதால், இந்த எண்ணில் அச்சுப்பிழை வரக்கூடாது. ‘1045’ என்று சேர்த்து அச்சிட்டிருந்தாலும் பொருள் இதேதான். எண் வடிவத்தைத் தானாகத் திருத்தும் மென்பொருள் அதை ‘1,045’ ஆக்கிவிடும், சரிபாருங்கள்.

பறக்கும் கோணத்தில் வரும் பிட்ச் என்பது மூக்கு மேலே கீழே சாய்வது. கப்பல் அலையில் முன்பக்கம் எழுந்து தாழ்வதைச் சொல்லும் சொல்லும் இதுதான். ‘முன்பின் சாய்வு’ என்பது என் தேர்வு. கூடவே வரும் ‘ரோல்’ பக்கச் சாய்வு, ‘யா’ மூக்கின் திசை திரும்புவது. மூன்றுக்கும் வெறுமனே ‘சாய்வு’, ‘திருப்பம்’ என்று மாற்றி மாற்றிப் போட்டால் பறக்கவிடுபவர் குழம்பிப்போவார். ஆனால் செயலியின் திரையில் ஆங்கிலத்தில் ‘பிட்ச்’ என்றே தெரியும் என்றால் ‘பிட்ச் (முன்பின் சாய்வு)’ என்று இரண்டையும் வைத்தாக வேண்டும். கேமராவுக்கும் அதே சொல் பொருந்தும். அங்கே −90 பாகை என்றால் கேமரா நேர் கீழே பார்க்கிறது. அந்தக் கழித்தல் குறி வரி உடையும் இடத்தில் காணாமல் போவது அடிக்கடி நடக்கும். ஹெலிகாப்டர் கையேடுகளில் சுழலும் இறக்கை சாய்ந்து நிற்கும் கோணமும் பாகையில் ‘பிட்ச்’ என்றே வரும். எதனுடைய பிட்ச் என்று கேட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

மோட்டார் சத்தத்துக்கு ‘உயர் சுருதி ஒலி’ என்று எழுதினால் கச்சேரி நினைவு வரும். ‘கீச்சென்ற சத்தம் கேட்டால் இறக்கிவிடுங்கள்’ போதும். சுருதி என்ற சொல்லை இசைக்கும் ஒலியியலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஏ4 சுரம் 440 ஹெர்ட்ஸ் என்பது போன்ற இடங்களுக்கு.

கூரைக்குச் ‘சரிவு’. எண் வந்தால் மட்டும் கவனம். 4:12 என்றால் கிடையாக 12 போனால் 4 உயரம், சுமார் 18.4 பாகை. பழைய முறையில் உயரத்தை முழு அகலத்தால் வகுப்பார்கள். இரு பக்கமும் சரியும் இதே கூரைக்கு முழு அகலம் 24, அதனால் அங்கே ஆறில் ஒன்று. பின்னமாக வந்திருந்தால் எந்த முறை என்று தெரியாமல் பாகைக்கு மாற்றாதீர்கள்.

அடுத்த வேலைகளில் இன்னும் சில பிட்ச்கள் வரும். கிரிக்கெட்டில் அது 22 கெஜத் துண்டு மட்டும், கால்பந்தில் முழு மைதானமும். கிரிக்கெட்டிலேயே பந்து ‘பிட்ச்’ ஆவது தரையில் குத்துவது. தாரிலிருந்து வரும் பிட்ச் வேறு வேரிலிருந்து வந்த தனிச்சொல், தமிழில் ‘கீல்’. கல்போல் இருந்தும் ஒழுகும் பொருள் அது: குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தொடங்கிய சோதனையில் ஒன்பதாவது துளி விழுந்தது 2014-இல். முதலீட்டாளர் முன் செய்யும் பிட்ச்சை அந்தத் துறையினர் ‘பிட்ச்’ என்றே சொல்கிறார்கள். ‘முன்மொழிவு’ அங்கே கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது.

சொற்பட்டியலில் ‘பிட்ச்’ என்று தனியாக ஒரு பதிவு வைக்காதீர்கள். மரை பிட்ச், பின் பிட்ச், ப்ரொப்பெல்லர் பிட்ச் என்று இணைத்தே பதியுங்கள். உதிரிபாக அட்டவணையில் தலைப்பு வெறும் ‘பிட்ச்’, அடியில் அலகே இல்லாமல் ஓர் எண் என்று வந்தால் ஊகித்து எழுத வேண்டாம். பாகத்தின் வரைபடத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் அம்புக்குறி எந்த இரண்டு புள்ளிகளைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.