8 ஜிபி ரேம் இருந்தும் எஃப்எல் ஸ்டூடியோ ‘அவுட் ஒஃப் மெமரி’ என்று மூடிக்கொள்கிறது. ரேம் கூட்டினால் சரிவருமா?

அக்கரைப்பற்றிலிருந்து கேட்டிருக்கும் தம்பியின் நிலைமை இதுதான்: 8 ஜிபி லப்டொப், பாட்டு அமைக்கும் மென்பொருளான எஃப்எல் ஸ்டூடியோ 20, திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டிய பக்திப் பாடல் ஒன்று. ட்ராக் கூடக்கூடக் கரகரவென்று சத்தம் வருகிறது. பிறகு ‘அவுட் ஒஃப் மெமரி’ என்று காட்டி மூடிக்கொள்கிறது. கடையில் இன்னொரு 8 ஜிபி பூட்டச் சொல்கிறார்கள், பூட்டலாமா?

பூட்டலாம் தம்பி, ஆனால் உடனே ஓட வேண்டாம். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டறையொன்றில் கோயில் பாட்டுப் பதிவு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ‘மெமரி போதாது’ என்கிற செய்தி வரும் லப்டொப்புகளில் பாதிக்கு ரேம் போதாமல் இருப்பதே இல்லை.

பாட்டைத் திறந்து ஓடவிட்டுக்கொண்டே டாஸ்க் மெனேஜரை (ஓடும் நிரல்களைக் காட்டும் விண்டோஸ் கருவி) திறவுங்கள். எஃப்எல் ஸ்டூடியோவின் வரியைத் தேடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘32 பிட்’ என்று இருக்கிறதா? எஃப்எல் 20ஐ நிறுவும்போது 32 பிட், 64 பிட் என்று இரண்டுமே வந்து சேரும். 32 பிட் ஐகனை டெஸ்க்டொப்பில் வைத்துக்கொண்டு வருசக்கணக்கில் அதையே திறந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பழைய ப்ளகின்கள் (கருவி ஓசை, எஃபெக்ட் தரும் துணை நிரல்கள்) அதில் மட்டும்தான் ஓடும் என்பதற்காக. 32 பிட் நிரல் ஒன்றுக்கு எட்டக்கூடிய மெமரி முகவரிகள் மொத்தம் 4 ஜிபி. அதுவும் நிரலை அப்படி எழுதியிருந்து, விண்டோஸும் 64 பிட்டாக இருந்தால்தான். இல்லையென்றால் 2 ஜிபி. நீங்கள் 16 பூட்டினாலும் 32 பூட்டினாலும் இது மாறாது. தோணி சின்னது என்றால் வாவி எவ்வளவு பெரிசாக இருந்தென்ன? டாஸ்க் மெனேஜரில் இன்னும் 3 ஜிபி சும்மா கிடக்க, எஃப்எல் மட்டும் மூச்சுவிட ஏலாமல் மூடிக்கொள்கிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

இதற்குக் காசு தேவையில்லை. 64 பிட்டில் திறவுங்கள். பழைய 32 பிட் ப்ளகினை எஃப்எல் தனியான ஒரு பாலத்தின் வழியாக ஓட்டும், டாஸ்க் மெனேஜரில் ‘ஐஎல் பிரிட்ஜ்’ என்ற பெயரில் அது தெரியும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. பத்துப் பாலம் போட்டால் அதுவே ஒரு பாரம். அந்த ப்ளகினுக்கு 64 பிட் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இல்லையென்றால் அந்த ட்ராக்கை ஆடியோவாக எடுத்து வைத்துவிட்டு ப்ளகினைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸே 32 பிட்டாக இருக்கிறதா என்பதையும் ஒருக்கால் பாருங்கள். சிஸ்டம் விவரத்தில் 8 ஜிபி என்று போட்டு, பக்கத்தில் பயன்படுத்தக்கூடியது மூன்று சொச்சம் என்று இருந்தால் யாரோ 32 பிட் விண்டோஸ் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

சரி, எல்லாம் 64 பிட்டாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது டாஸ்க் மெனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரிக்குக் கீழே வரும் ‘கமிட்டட்’ என்ற எண். 9.1/9.4 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களெல்லாம் சேர்ந்து கேட்டிருக்கும் அளவு. இரண்டாவது, விண்டோஸ் கொடுக்கக்கூடிய உச்சம், அதாவது ரேமும், ரேம் போதாதபோது பாவிக்க டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை. இரண்டும் நெருங்கினால் மூடிக்கொள்ளத்தான் செய்யும். இங்கே நான் அடிக்கடி காண்பது சி டிரைவ் நிரம்பி வழிவதைத்தான். கல்யாண வீடியோ, போனிலிருந்து இறக்கிய படங்கள், பழைய புரொஜெக்ட்டுகள் எல்லாம் சியிலேயே கிடக்கும். பேஜ் ஃபைல் வளர இடமிருக்காது. பேஜ் ஃபைலை நிறுத்தினால் இசை மென்பொருள் வேகமாக ஓடும் என்று எங்கேயாவது பார்த்து நிறுத்தியிருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். விண்டோஸ் தானே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கரகரப்பு வேறு கதை. பெரும்பாலும் அது ப்ரொசஸர் நேரத்துக்குள் கணக்கை முடிக்க ஏலாமல் தவறவிடுவது. பஃபர் (ஒருமுறைக்குக் கணக்கிடும் சத்தத் துண்டின் அளவு) 256 சாம்பிள் என்றால், செக்கனுக்கு 44,100 சாம்பிள் வேகத்தில், கிட்டத்தட்ட 5.8 மில்லி செக்கன்தான் அதற்குக் கிடைக்கும். பாடகர் இல்லாத நேரம், மிக்ஸ் மட்டும் செய்யும்போது, 1024க்குக் கூட்டிவிடுங்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கு லப்டொப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு, கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது குறைப்பதும் உண்டு. ஆனால் ரேம் நிரம்பினாலும் கரகரப்பு வரும். பிரித்தறிய விண்டோஸின் ரிசோஸ் மொனிட்டரில் ‘ஹார்ட் ஃபோல்ட்ஸ்’ கோட்டைப் பாருங்கள். சத்தம் உடையும் அதே நேரத்தில் அந்தக் கோடு எகிறினால், ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்குப் போய்வருகிறது. கோடு படுத்தே கிடந்தால் பஃபரையும் சூட்டையும் கவனியுங்கள்.

உண்மையிலேயே நிரம்புகிறது என்றால், எது தின்கிறது என்று பாருங்கள். எஃப்எல்லில் ஆடியோ கிளிப் சாதாரணமாக ரேமில்தான் ஏறும். ஐந்து நிமிச ஸ்டீரியோ கோப்பு ஒன்று 32 பிட் ஃப்ளோட்டில் (இது ஒலியின் அளவு, மேலே சொன்ன 32 பிட் நிரல் அல்ல) 106 எம்பி பிடிக்கும். எம்பி3யாகப் போட்டால் மிச்சம் என்று நினைக்க வேண்டாம், ஓடும்போது விரித்துத்தான் வைக்கும். நீளமான வேவ் கோப்புகளுக்குச் சனலின் செட்டிங்கில் ‘கீப் ஒன் டிஸ்க்’ என்பதைத் தெரிவு செய்தால் டிஸ்க்கிலிருந்தே வாசிக்கும்.

பெரிய தீனி சாம்பிள் லைப்ரரிகள், அதாவது பதிந்து வைத்த கருவி ஓசைத் தொகுப்புகள். அவற்றை வாசிக்கும் ப்ளகினான கொன்டாக்ட்டில் நாதஸ்வரம், தவில், ஸ்ட்ரிங்ஸ் என்று ஏற்றி வைத்திருப்பீர்கள், பாட்டில் வருவதோ ஏழெட்டுச் சுரம். ‘பேர்ஜ்’ பட்டியலில் எல்லாச் சாம்பிளையும் இறக்கிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓடவிடுங்கள். வாசிக்கப்பட்டவை மட்டும் திரும்ப ஏறும். முதல் ஓட்டத்தில் சில சுரங்கள் பிந்தி ஒலிக்கும், பொருட்படுத்த வேண்டாம். கியூபேஸ், ரீப்பர் போன்ற வேறு மென்பொருள் பாவிக்கிறவர்களுக்கு ட்ராக்கை ஃப்ரீஸ் செய்யும் (ஆடியோவாக்கி ப்ளகினை ஓய்வில் வைக்கும்) வசதி இருக்கிறது. எஃப்எல்லில் ‘கொன்சொலிடேட்’ செய்தால் ஆடியோ வரும், ஆனால் பழைய ப்ளகின் அங்கேயே உட்கார்ந்துகொண்டு ரேமைப் பிடித்திருக்கும். புரொஜெக்ட்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு அந்தச் சனலை நீக்கினால்தான் பலன்.

தீர்த்தத்துக்கு முன் கொடுக்க வேண்டிய பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது. இசையை ஒரே ஸ்டீரியோ வேவாக எடுங்கள். புதிய புரொஜெக்ட்டில் அதை மட்டும் போட்டு, குரலை அங்கே பதியுங்கள். குரல் வேலை முடிந்தபின் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உடுக்குக்கும் பறைக்கும் சாம்பிள் தேடி ஜிபி கணக்கில் இறக்காதீர்கள். ஐந்து நிமிசம் ஒரு மைக்கில் நேராகப் பதிந்தால், 24 பிட், 48,000 வேகத்தில் 43 எம்பிதான் வரும். சடங்கில் உடுக்கடிக்கிறவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற பிள்ளைகளிலும் வாசிக்கிறவர்கள் உண்டு. எந்த லைப்ரரியிலும் அந்த அடி வராது.

இவ்வளவும் பார்த்த பிறகும் கமிட்டட் எண் உச்சத்தை முட்டிக்கொண்டே நின்றால், ரேம் வாங்குங்கள். டாஸ்க் மெனேஜரிலேயே எத்தனை ஸ்லொட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். சில மெல்லிய லப்டொப்புகளில் ரேமைப் போர்டோடு ஒட்டியே விட்டிருப்பார்கள், அதற்குக் கூட்ட ஏலாது. பழையது டிடிஆர்3எல் வகை என்றால் 1.35 வோல்ட், டிடிஆர்4 என்றால் 1.2 வோல்ட். வெட்டு இருக்கும் இடமும் வேறு, மாறிப் பூட்ட முடியாது. பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது சுலபம். கழற்றும்போது பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடையுங்கள். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் அங்கே படலம் பிடிப்பது சாதாரணம். அதைத் துடைத்ததோடேயே நீலத்திரை நின்றுபோன லப்டொப்புகள் உண்டு.

இரண்டாம் கை ரேம் என்றால் ரேமைச் சோதிக்கும் நிரலான மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியில் போட்டு, அதிலிருந்து லப்டொப்பை எழுப்பி, இரவு ஓடவிட்டுப் படுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சி வேண்டாம். வாங்கும்போதே இப்படிச் சோதிப்பேன் என்று சொல்லி, பிழை வந்தால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.