வாசகர் கேள்விகள்: வட்டிக்காரர் போனார், கடன் போகவில்லை

போன இதழில் ஹிட்லரின் யூத வெறுப்பு பற்றிய ஒரு கேள்விக்கு நான்கே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் நான்கு வரியில் அடங்குவதாக இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை முழுக்க யூத வெறுப்பின் கதைதான்.

விவசாயி, வலங்கைமான்: எங்கள் தாத்தா ஒரு புரோநோட்டில் கைநாட்டு வைத்து இரண்டு மா நிலத்தை இழந்தவர். வட்டிக்கு விடுகிறவன் மேல் ஜனங்களுக்கு ஆத்திரம் வருவது எனக்குப் புரிகிறது. யூதர்களும் வட்டித் தொழில் செய்ததால்தானே ஐரோப்பாவில் அவர்களை வெறுத்தார்கள்?

உங்கள் தாத்தாவின் ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் கதையை வாலிலிருந்து படிக்கிறீர்கள். ஏசுவைக் கொன்றவர்கள் என்ற பழி வட்டிக்கெல்லாம் முந்தியது. 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டம் ஜெர்மனியின் வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்களில் யூதர்களை வெட்டிப் போட்டது கடன் தகராறில் அல்ல. வட்டி அப்புறம் வந்து சேர்ந்தது. பல ஊர்களில் யூதர்கள் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது, தச்சோ நெசவோ செய்யலாம் என்றால் அந்தக் கைவினைஞர் சங்கங்களில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் இடம். கிறிஸ்தவர் வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லிவிட்டது, ஆனால் கடன் இல்லாமல் எந்த ராஜா சண்டைக்குப் போக முடியும்? ஆக, பாவத்தைச் செய்ய ஒரு ஆள் தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1190 மார்ச்சில் யார்க் நகரத்தில் சுமார் 150 யூதர்கள் கும்பலுக்குப் பயந்து கோட்டைக்குள் அடைந்துகொண்டார்கள். கும்பலைக் கிளப்பிவிட்டவர்களில் யூதர்களிடம் கடன்பட்டிருந்த பெரிய மனிதர்கள் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்களையே மாய்த்துக்கொண்டார்கள், மதம் மாறிவிடுகிறோம் என்று வெளியே வந்தவர்களைக் கும்பல் கொன்றது. முடிந்த கையோடு அது எங்கே போனது தெரியுமா? பேராலயத்துக்கு. கடன் பத்திரங்கள் அங்கேதான் இருந்தன. எல்லாவற்றையும் குவித்து எரித்தார்கள்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது, செத்தவர்களுக்காக மட்டும் அல்ல. யூதர்களின் சொத்து கடைசியில் அவருக்கு வரவேண்டிய சொத்து. 1186இல் லிங்கன் நகரத்து ஆரோன் என்ற யூதப் பெரும் கடன்காரர் (கடன் கொடுத்தவரைச் சொல்கிறேன்) இறந்தபோது, அவருக்கு வரவேண்டிய பாக்கியை வசூலிக்க அரண்மனையில் தனியாக ஒரு இலாகாவே போட்டார்கள். அதனால் 1194இல் ஒரு ஏற்பாடு வந்தது: இனி ஒவ்வொரு கடனுக்கும் நகல் எழுதி, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். எரித்தாலும் கடன் சாகாது. 1290இல் எட்வர்டு ராஜா யூதர்கள் அத்தனை பேரையும் நாட்டைவிட்டே விரட்டினார். வட்டியைத் தள்ளுபடி செய்தார். அசலை? அதைத் தன்னிடம் கட்டச் சொன்னார்.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், திருத்துறைப்பூண்டி: யார் யூதர் என்று நாஜிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முகத்தைப் பார்த்தா?

அடங்கலும் சிட்டாவுமாக வாழ்ந்தவர் நீங்களே இதைக் கேட்கலாமா ஐயா? பதிவேட்டைப் பார்த்துத்தான். 1935 செப்டம்பரில் நூரெம்பர்க் சட்டங்கள் வந்தன. அவற்றின் கீழ் நவம்பரில் வந்த விதிப்படி, தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் நீங்களும் யூதர். சரி, அந்தத் தாத்தா யூதர் என்பதற்கு என்ன ஆதாரம்? அவர் யூத மதத்தைச் சேர்ந்தவராக இருந்தது, அவ்வளவுதான். இரத்தம், இனம் என்று மேடையில் முழங்கியவர்கள், ஆபீசில் வந்து உட்கார்ந்ததும் கேட்டது பழைய ஞானஸ்நானச் சான்றிதழை. சர்ச்சுகளில் குருமார்கள் பழைய பதிவேட்டைப் புரட்டிப் புரட்டி நகல் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் எல்லாமே தாள்தான். 1933 ஏப்ரலிலேயே ஒரு சட்டத்தால் யூத அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். 1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்து உள்ள யூதர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஆகஸ்டில், பெயரைப் பார்த்தாலே தெரியவேண்டும் என்று ஆண்கள் 'இஸ்ரேல்', பெண்கள் 'சாரா' என்று பெயரோடு சேர்த்துக்கொள்ள உத்தரவு. அக்டோபரில் பாஸ்போர்ட்டில் சிவப்பு 'ஜே' முத்திரை. அதற்கு முன் சுவிட்சர்லாந்தோடும் இதுபற்றிப் பேச்சு நடந்தது, அகதிகளை எல்லையிலேயே அடையாளம் காண அவர்களுக்கும் அது வசதி. நவம்பர் 9 இரவு யூதர்களின் கடைகளையும் ஜெப ஆலயங்களையும் உடைத்துக் கொளுத்தி, சுமார் 30,000 யூத ஆண்களை வதை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். உடைபட்டவர்கள் மேலேயே 100 கோடி மார்க் அபராதம் விதித்தார்கள், இன்சூரன்ஸ் பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது.

இவற்றில் என்னைத் தூங்கவிடாதது ஒரு படிவம். கிழக்கே கொலைக்களங்களுக்கு அனுப்புவதற்கு முன் 16 பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள்: நாற்காலி எத்தனை, போர்வை எத்தனை, சட்டை எத்தனை. 1941 நவம்பரில் வந்த உத்தரவுப்படி, நாட்டு எல்லையைத் தாண்டிய யூதருக்குக் குடியுரிமை போய்விடும், அதோடு சொத்து அரசுக்கு. ரயிலில் ஏற்றி எல்லையைத் தாண்ட வைத்தவர்களும் அவர்களேதான். ஐரோப்பா முழுவதும் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். இதற்கான தாள் வேலையைப் பார்த்தவர்கள் நேரத்துக்கு ஆபீஸ் வந்து நேரத்துக்கு வீடு போன ஆட்கள்.

கல்லூரி மாணவி, மயிலாடுதுறை: முன்கூட்டியே ஓடிப்போயிருக்கலாமே?

போனார்கள். 1933இல் ஜெர்மனியில் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட யூதர்கள், போர் தொடங்குவதற்குள் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டார்கள். மீதிப் பேர் போக ஆசைப்படாமல் இல்லை, வா என்று சொல்ல ஆள் இல்லை. 1938 ஜூலையில் எவியான் என்ற ஊரில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்தன. ஏறக்குறைய ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் 937 பேரோடு போன செயின்ட் லூயி கப்பலைக் கியூபா திருப்பியது, அமெரிக்காவும் இறங்க விடவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள். அவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளிடம் சிக்கி இறந்தார்கள்.

ஆசிரியை, பொறையார்: பக்கத்தில் தரங்கம்பாடியில் லுத்தரன் போதகர் சீகன்பால்க் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குப் போகிறவள் நான். எங்கள் சபைக்கு மூலவரான மார்ட்டின் லுத்தரும் யூதர்களை வெறுத்தார் என்று யாரோ சொன்னார்கள். மனது கேட்கவில்லை.

உண்மைதான் டீச்சர். இளவயதில் அவர்களிடம் கனிவாகப் பேசியவர், 1543இல் எழுதிய நூலில் ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ரபிகள் (யூத குருமார்கள்) போதிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதினார். நாஜிகள் அதை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை 1994இல் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. நீங்கள் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் படித்த சீகன்பால்கை இதற்காகத் தூக்கிப் போடவேண்டியதில்லை.

தோழர், திருவாரூர்: இதெல்லாம் பாசிஸ்டுகளின் வேலை. சோவியத்தில் யூத வெறுப்பு சட்டப்படி குற்றம்.

சட்டப்படி, ஆமாம். ஜார் மன்னர்கள் காலத்தில் யூதர்கள் மேல் நடந்த கலவரங்களோடு ஒப்பிட்டால் ஆரம்பத்தில் பெரிய மாற்றம்தான். ஆனால் 1952 ஆகஸ்ட் 12 இரவு, யூத எழுத்தாளர்கள் உட்பட 13 பேரை மாஸ்கோவில் சுட்டுக் கொன்றதும் அந்த அரசுதான். 1953 ஜனவரியில், பெரும்பாலும் யூதர்களான டாக்டர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று பத்திரிகைகளில் போட்டார்கள். மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார், ஏப்ரலில் வழக்கே பொய் என்று அவர்களே அறிவித்தார்கள். ஒரு மாதம்தான் தோழர்.

வியாபாரி, கும்பகோணம்: யூதப் பெரியவர்கள் உலகத்தை ஆளப் போட்ட ரகசியத் திட்டம் வாட்ஸப்பில் வந்தது. அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பார்த்தேன். 1903இல் ரஷ்யப் பத்திரிகையில் வந்த பழைய சரக்கு. மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864இல் எழுதிய புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாகச் சுட்டது. அந்தப் புத்தகத்தில் யூதர் பேச்சே இல்லை. லண்டன் டைம்ஸ் 1921இலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டது. இஸ்ரேல் அரசு செய்வதை எதிர்க்க வேண்டுமா, தாராளமாக எதிர்க்கலாம், அதற்கு இந்தத் திருட்டுச் சரக்கு தேவையில்லை.

வாசகர், நாகப்பட்டினம்: நம் நாட்டில் இப்படி நடந்ததே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா?

கொச்சியில் நூற்றாண்டுகளாக அவர்கள் கௌரவமாக இருந்தார்கள். சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அந்த அளவுக்குப் பெருமைப்படலாம். ஆனால் போர்த்துகீசியர் இங்கே கப்பலில் கொண்டுவந்தது சிலுவையும் மிளகாயும் மட்டும் அல்ல. 1560இல் கோவாவில், சர்ச்சின் வழியிலிருந்து விலகியவர்களைத் தண்டிக்கும் மத விசாரணை மன்றம் வைத்தார்கள். நம் மருந்துச் சரக்குகளைப் பற்றி 1563இல் கோவாவிலேயே நூல் அச்சிட்ட வைத்தியர் கார்சியா த ஓர்தா, ஸ்பெயின் 1492இல் விரட்டிய யூதர்களின் பிள்ளை, வெளியே கிறிஸ்தவர். 1568இல் அவர் இறந்தார். மறு வருஷம் அவருடைய சகோதரியை, ரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடித்தார் என்று எரித்தார்கள். 1580இல் கார்சியாவின் எலும்பைத் தோண்டியெடுத்து அதையும் எரித்தார்கள்.

கொச்சியும் தப்பவில்லை. 1662இல் டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தைப் போர்த்துகீசியர் கொளுத்தினார்கள். அதற்கு நான்கு வருஷம் முன்பு உங்கள் ஊரைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த அதே டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியையும் பிடித்த பிறகுதான் அதைத் திரும்பக் கட்ட முடிந்தது.