ஐந்து ஆண்டுக் காத்திருப்பும் அறுநூறு ரூபாய் உதவித்தொகையும்

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வயது 27. 2016-இல் பிளஸ் டூ முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். 2019 ஜூலையில் பி.ஏ. பட்டத்தையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா கைத்தறி நெசவாளர். அம்மா பீடி சுற்றுகிறார். நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கிறேன், அவ்வப்போது அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு அரசின் வேலையற்றோர் உதவித்தொகை கிடைக்குமா? அதை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்கிறார்களே?

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த அச்சத்தால் விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் பெண்கள் பலர். உதவித்தொகை பெறுவதால் உங்கள் பதிவு ரத்தாகாது, மூப்பும் குறையாது. பதிவைக் கெடுப்பது வேறொன்று: உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விடுவது.

பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் அடையாள அட்டையில் குறிப்பிட்டுள்ள மாதம் தவறினால் அடுத்த இரண்டு மாதங்கள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தவறவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். உதவித்தொகைக்குக் கேட்கப்படுவது வெறும் ஐந்து ஆண்டுகள் அல்ல, இடைவிடாமல் புதுப்பித்துக் காத்திருந்த ஐந்து ஆண்டுகள். தவறவிட்டவர்களுக்கு அரசு சில சமயம் சிறப்புச் சலுகை அறிவித்ததுண்டு என்றாலும், அதை நம்பி இருக்க வேண்டாம். வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே புதுப்பித்துவிடலாம். அதற்கென வேலூருக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. புதுப்பித்த பக்கத்தை அச்செடுத்துச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டப் பதிவுக்கு 2024 ஜூலையில் ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டதால், புதுப்பித்தல் எதுவும் விட்டுப்போகாதிருந்தால், பட்டதாரிக்கு உரிய மாதம் 600 ரூபாயை நீங்கள் கோரலாம். பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, தேர்ச்சி பெறாதவர்களுக்கு 200 ரூபாய் என்பது விதி. தொகை காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும் என்பதால், உங்களுக்கு ஒரு தவணை 1,800 ரூபாயாக இருக்கும். மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். (வீட்டில் மாற்றுத்திறனாளி யாரேனும் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: அவர்களுக்குப் பதிவு செய்து ஓராண்டு ஆனாலே போதும், வருமான வரம்பு இல்லை, பத்து ஆண்டுகள் வரை பெறலாம்.)

வயது வரம்பு பொதுவாக 40. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. அஞ்சல் வழிப் படிப்பு தடையல்ல. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று படிப்பவர்களுக்குத்தான் உதவித்தொகை இல்லை. குடும்ப வருமானத்தில் மட்டும் கவனம் தேவை. ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. மாதக் கணக்கில் 6,000 ரூபாய். தறிக் கூலியோடு அம்மாவின் பீடிக் கூலியும் இதில் சேரும். விண்ணப்பப் படிவத்தில் வருவாய்த் துறையின் கையொப்பம் வேண்டும் என்பதால், முதலில் உங்கள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, இரு வருமானங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தையல் குறித்து நீங்களே சொன்னது எனக்கு மகிழ்ச்சி. ஊதியம் பெறும் வேலையிலோ சுயதொழிலிலோ இருப்பவர்கள் இதைப் பெற முடியாது. பண்டிகைக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதற்கும், மாதந்தோறும் வருமானம் வரும்படி தைப்பதற்கும் வேறுபாடு உண்டென்று நான் கருதுகிறேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அலுவலர். விண்ணப்பம் கொடுக்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். தையல் உங்களுக்கு நிலையான வருமானம் தருகிறது என்றால், 600 ரூபாய்க்காகப் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

படிவம் வேலூர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இலவசமாகக் கிடைக்கும், இணையதளத்திலிருந்தும் எடுக்கலாம். நேரில் செல்லும்போது அசல் கல்விச் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மாற்றுச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு வந்து, ஒரு நாள் கூலியையும் இழந்து திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தொகை வரத் தொடங்கிய பிறகும் ஒரு கடமை உண்டு. ஓராண்டு பெற்று முடித்ததும், தாம் எந்தப் பணியிலும் இல்லை என்ற சுய உறுதிமொழி ஆவணத்தை ஆண்டுதோறும் அலுவலகத்தில் அளிக்க வேண்டும்; அளிக்காவிட்டால் தொகை நின்றுவிடும். இடையில் பதிவைப் புதுப்பிக்கும் மாதம் வந்தால் அதையும் தனியே செய்ய வேண்டும். உறுதிமொழி கொடுத்துவிட்டதாலேயே பதிவு தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை.

வேலை கிடைத்த அன்றே அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். திருமணமாகி ஆற்காட்டுக்கோ வாலாஜாவுக்கோ குடிபெயர நேர்ந்தாலும் அப்படியே. 2019-இல் மாவட்டம் பிரிந்த பின் அவை ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருப்பதால், முகவரி மாற்றத்தை முதலில் வேலூர் அலுவலகத்தில் தெரிவித்துவிட்டு, அங்கே சொல்லும் முறைப்படி பதிவை மாற்றிக்கொள்ளுங்கள்.