முதுகில் துளை போட்டால் பால்வெட்டப் போக முடியுமா?

வாசகர் கடிதங்களுக்கு இந்த வாரம் பதில் தருபவர் நாகர்கோவிலில் பணிபுரியும் சிறுநீரக அறுவை சிகிச்சை மருத்துவர்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறார். வலது விலாவில் வலி என்று ஸ்கேன் எடுத்ததில் கிட்னியில் 28 மில்லிமீட்டர் கல் இருக்கிறது. யூரினில் கிருமியும் இருக்கிறதாம். முதுகில் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஊசி போட்டதும் வலி நின்றுவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார் இவர். என் மாமனாருக்கு அந்தக் காலத்தில் கல் ஆப்பரேஷன் செய்து, விலாவில் ஒரு சாண் தழும்பு. அதற்கப்புறம் அவர் பாரம் தூக்கவே இல்லை. என் கொழுந்தனுக்கு அதிர்வலை வைத்தே கல் உடைந்து போனது. இவருக்கும் அது போதாதா? வாழைத்தண்டுச் சாறும் கொடுத்து வருகிறேன்.
– வாசகி, குலசேகரம்

பதில்: அம்மா, உங்கள் மாமனாருக்குச் செய்தது வேறு, இவருக்குச் சொல்லியிருப்பது வேறு. அந்தக் காலத்தில் விலாவைக் கிழித்து, தசையை வெட்டி, கிட்னியைத் திறந்து கல்லை எடுப்பார்கள். பாரம் தூக்க முடியாமல் போனதற்கு அந்த வெட்டுதான் காரணமாக இருந்திருக்கும். இப்போது அப்படிச் செய்வது மிக அபூர்வம். ஆனால் அந்தத் தழும்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பயந்துகொண்டே நாளைக் கடத்துகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இவருக்குச் சொன்ன சிகிச்சையின் பெயர் பி.சி.என்.எல். இது புதிதாக வந்த பரிசோதனை முயற்சி அல்ல. ஸ்வீடன் மருத்துவர்கள் 1976-லேயே இதை மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையையோ அல்ட்ராசவுண்டையோ பார்த்தபடி, முதுகுப்பக்கத்திலிருந்து கிட்னியின் கிண்ணம் போன்ற அறைக்குள் ஒரு ஊசியைச் செலுத்துவோம். ஊசி சரியான அறைக்குள் போய்விட்டதா என்பதில்தான் எங்கள் கவனம் முழுதும் இருக்கும். உள்ளே போனதும் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துவோம். தோலில் வெட்டு சுமார் 1 சென்டிமீட்டர்தான். தசை விலகிக் கொடுக்கும், அதை நாங்கள் அறுப்பதில்லை. அந்த வழியே கேமரா போகும், கல்லைப் பொடித்துத் துண்டு துண்டாக இடுக்கியால் வெளியே எடுப்போம். இன்னும் சிறிய துளையில் செய்யும் 'மினி' முறையும் உண்டு.

சரி, கொழுந்தனுக்குச் செய்தது ஏன் இவருக்குச் சரிவராது? அதிர்வலை கல்லை உடைக்கும், ஆனால் துண்டுகளை வெளியே எடுக்காது. அவை சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறுநீர்க்குழாய் வழியாகத் தானாக இறங்க வேண்டும். சின்னக் கல் என்றால் இறங்கிவிடும். 28 மில்லிமீட்டர் கல்லின் துண்டுகளோ வரிசையாக அடைத்துக்கொண்டு நிற்கக்கூடும். அப்புறம் அந்த அடைப்புக்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால்தான் 20 மில்லிமீட்டரைத் தாண்டிய கல்லுக்குப் பொதுவாக பி.சி.என்.எல்.தான் முதல் தேர்வு. துளையே வேண்டாம் என்றால், சிறுநீர் வழியாகவே வளையும் கருவியை விட்டு லேசரால் பொடிக்கும் ஆர்.ஐ.ஆர்.எஸ். இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் இந்த அளவுக் கல்லுக்கு இரண்டு தடவை ஆப்பரேஷன் மேசைக்கு வர வேண்டியிருக்கலாம். உங்கள் டாக்டர் சொன்னதையே நானும் சொல்வேன்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கிட்னி இரத்தம் நிறைந்த உறுப்பு. நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம். யூரினில் கிருமி இருக்கும்போதே கல்லை உடைத்தால் அந்தக் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே கல்ச்சர், அதாவது என்ன கிருமி என்று கண்டறியும் யூரின் சோதனை பார்த்து, அதற்கேற்ற மருந்து கொடுத்த பிறகே ஆப்பரேஷன். இந்த ஒன்றில் அவசரப்படவே கூடாது. மற்றபடி தள்ளிப்போடாதீர்கள். வலி நின்றால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைத்த கிட்னி ஒரு வலியும் காட்டாமலே பழுதாகிவிடும். வாழைத்தண்டு உணவாக நல்லது, கொடுங்கள். ஆனால் இந்தக் கல்லை அது கரைக்காது.

எல்லாம் சரியாக நடந்தால் சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். யூரின் கொஞ்ச நாள் சிவப்பாகப் போகும். கட்டி கட்டியாக இரத்தம் போனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரம் கழித்து என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால் வாளி தூக்குவதை ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள். அதற்கப்புறம் அவர் தாராளமாகத் தோட்டத்துக்குப் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. எடுத்த கல்லை என்ன வகை என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விடியுமுன்னே ஒரு கட்டன்சாயாவோடு தோட்டத்துக்கு ஏறி, வியர்த்து நனைந்து, பால் எடுத்து முடிக்கும்வரை தண்ணீரே குடிக்காதவர்கள் இங்கே அதிகம். நாள் ஒன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்கு அவர் தண்ணீர் குடிக்க வேண்டும். கருவாட்டையும் உப்பையும் குறையுங்கள். பாலையும் மோரையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கல் எடுத்தபோது உள்ளே ஒரு டியூப் வைத்தார்கள். கடலுக்குப் போய்விட்டதால் எடுக்கப் போகவில்லை, நாலு மாதம் ஆகிவிட்டது. வலி ஒன்றும் இல்லை. அப்படியே விடலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: விடவே கூடாது தம்பி. அதன் பெயர் டி.ஜே. ஸ்டென்ட், கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் தடையின்றி இறங்கத் தற்காலிகமாக வைக்கும் மெல்லிய குழாய். நாளாக ஆக அதன்மேலேயே கல் படியும், பிறகு அதை எடுக்கவே ஒரு ஆப்பரேஷன் தேவைப்படும். இப்போது போனால் மரப்பு ஜெல் வைத்துச் சில நிமிடத்தில் எடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. முதலில் எக்ஸ்ரே எடுத்து, மேலே கல் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்த முறை கடலுக்குப் போவதற்கு முன், டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.