ரயில் வழக்கு கண்டிக்குப் போனால்

இலங்கையின் ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவன் நான். ரயில் விபத்து நட்டஈடு பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்.

*ஐயா, அப்பா தோட்டத்திலிருந்து ரயில் ரோட்டால் நடந்து வரும்போது அடிபட்டார். "அவருடைய பிழை" என்று மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. மேன்முறையீட்டுக்குக் கண்டி மேல் நீதிமன்றம் போனால் புதுச் சாட்சி விடலாமா?*

அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள் தங்கச்சி. மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தில் பதிவான வழக்கேட்டைத்தான் படிக்கும், சாட்சியை மறுபடி கூப்பிடுவது மிக அபூர்வம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் கடைக்கும் பள்ளிக்கும் அந்தத் தண்டவாளத்து ஓரமாகத்தான் போகும். வளைவு, பனிமூட்டம், ஹோர்ன் அடித்தானா இல்லையா, இதெல்லாம் சாட்சிக்கூண்டில் யாராவது சொல்லிப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகியிருந்தால் வழி உண்டு. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அடிபட்டவரிடமும் பிழை இருந்தால் நட்டஈடு குறையும், அடியோடு போகாது. ஆனால் ரயில் பக்கத்துக் கவனயீனமும் நிரூபணமாகியிருக்க வேண்டும். "அப்பா பாவம்" என்று வாதாடாமல் இந்தச் சட்டப் புள்ளியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

*அறுபது நாள் இருக்கிறது என்கிறார்கள். ஆறுதலாகச் செய்யலாமா?*

அந்த அறுபது நாள் மேன்முறையீட்டு மனுவுக்கு. அதற்கு முன் மேன்முறையீட்டு அறிவித்தலைப் பதினான்கு நாளுக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், கொடுக்கும் நாள், ஞாயிறு, அரச விடுமுறை கணக்கில் சேராது. அறுபதில் அந்தக் கழிவு கிடையாது. நல்ல வழக்கெல்லாம் இந்த நாட்கணக்கில்தான் கவிழும்.

*ஸ்டேசன் மாஸ்டர் மேல் வழக்குப் போடலாமா?*

அரசின் மீது போடுங்கள். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. எதிராளி அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும்.

*திருச்சியில் என் உறவுக்காரருக்குப் பிழை நிரூபிக்காமலே எட்டு லட்சம் கிடைத்தது. இங்கே?*

அது இந்தியாவின் 1989 ரயில்வே சட்டம், 124ஏ பிரிவு. அங்கே பயணிக்கு நேர்ந்த விபத்தில் ரயில்வேயின் பிழையைத் தேட வேண்டியதில்லை. நட்டஈட்டுக் கோரிக்கையை விசாரிக்கும் ரயில்வே தீர்ப்பாயம் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். பயணி என்று காட்டுவதில்தான் இழுபறி: தண்டவாளத்தருகே உடல் கிடந்தது மட்டும் போதாது, டிக்கெட் இல்லாததால் மட்டும் கோரிக்கை சாகவும் செய்யாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லை, கவனயீனத்தை நாம்தான் காட்ட வேண்டும். ஆனாலும் அந்த அட்டை டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அடிபட்டவரின் சட்டைப்பையைத் துணி துவைக்கிற முன் பாருங்கள்.