பம்பை மாற்றும் முன் ஒரு வாளி எடுங்கள்

கேள்வி: எங்களுடையது மாடி வீடு. ஷவரில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று மொட்டை மாடி டேங்க்கை ஒட்டி அரை எச்.பி. பிரஷர் பம்ப் போட்டோம். 24 லிட்டர் சிவப்பு உருளை ஒன்றும் கூடவே வந்தது. மூன்று வருடம் தொந்தரவே இல்லை. இரண்டு மாதமாக, ஷவரைத் திறந்தால் பம்ப் மூன்று விநாடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. தண்ணீரும் விட்டுவிட்டு வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வோம். எல்லாக் குழாயும் மூடியிருக்கும் நடுராத்திரியிலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ‘டக்’கென்று ஓடி உடனே நின்றுவிடுகிறது. மாமனாருக்குத் தூக்கமே போய்விட்டது. பார்க்க வந்த மெக்கானிக், “மோட்டார் வீக் ஆயிடுச்சும்மா, பழசைக் கொடுத்துட்டுப் புதுசு போட்டுக்குங்க, 14,000 ஆகும்” என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மோட்டார் வீக் இல்லை என்பதற்கு நீங்கள் எழுதிய ‘மூன்று விநாடி’யே சாட்சி. இந்த வகைப் பம்பில் இருக்கும் பிரஷர் சுவிட்ச், குழாயில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரைப் போடும், இன்னோர் அளவைத் தொட்டால் நிறுத்தும். பல பம்புகளில் 1.4 பாரில் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) போட்டு 2.8 பாரில் நிறுத்துகிற மாதிரி வைத்துத் தருகிறார்கள். வலு குறைந்த மோட்டாரால் அந்த மேல் அளவை எட்டவே முடியாது. அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றே விநாடியில் எட்டிவிட்டு நிற்கிற மோட்டாரைக் குறை சொல்வது நியாயமில்லை.

சந்தேகப்பட வேண்டியது அந்தச் சிவப்பு உருளையை. அதற்குள் ரப்பர் பலூன் ஒன்று இருக்கிறது. பலூனுக்குள் தண்ணீர், பலூனுக்கும் இரும்பு ஓட்டுக்கும் நடுவில் காற்று. பம்ப் ஓடும்போது தண்ணீர் பலூனில் ஏறிக் காற்றை நெருக்கும். நீங்கள் குழாயைத் திறந்ததும் அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கிறது, பம்ப் ஓய்வில் இருக்கும். காற்று சரியாக இருந்தால் 24 லிட்டர் உருளை, பம்ப் மறுபடி ஓடுவதற்குள் சுமார் 8 லிட்டர் கொடுக்கும். சைக்கிள் டியூப் மாதிரி இந்தக் காற்றும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. காற்று போன உருளை வெறும் தண்ணீர்க் குடம். தண்ணீரை நெருக்க முடியாது என்பதால் பம்ப் ஓடியதும் அழுத்தம் சட்டென்று மேலே போகும், குழாயைத் திறந்ததும் கீழே விழும். பம்பில் மீட்டர் இருந்தால் பாருங்கள், முள் கார் வைப்பர் போல ஆடிக்கொண்டிருக்கும்.

இதை உறுதி செய்ய ஒரு வாளி போதும். பம்ப் தானாக நின்ற பிறகு ஒரே ஒரு குழாயை மட்டும் திறந்து, பம்ப் மறுபடி ஓடும்வரை வாளியில் பிடியுங்கள். அரை வாளி வந்தால் உருளை நலம். ஒரு சொம்புகூட நிரம்பவில்லை என்றால் காற்று இல்லை.

அடுத்து உருளையின் பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வண்டி டியூபில் இருப்பது போன்ற வால்வு. அதன் முள்ளை ஆணி முனையால் லேசாக அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சினால் பலூன் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். பலூனை மட்டும் தனியாக மாற்றலாம், நாலைந்து போல்ட் கழற்றும் வேலை. காற்று மட்டும் வந்தால், அல்லது எதுவுமே வராவிட்டால், காற்று அடித்துப் பாருங்கள். அதற்கு ஒரு முறை உண்டு, அதை விட்டுவிட்டுத்தான் பலர் கெடுக்கிறார்கள். பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சை, அதாவது மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி.யை அணையுங்கள். டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் வால்வை மூடுங்கள், இல்லாவிட்டால் மேல்டேங்க் தண்ணீர் உருளைக்குள் வந்துகொண்டே இருக்கும். கீழே ஒரு குழாயைத் திறந்து உருளையைக் காலி செய்து, திறந்தபடியே விட்டுவிட்டுக் காற்று அடியுங்கள். காற்றின் அழுத்தம், பம்ப் ஓடத் தொடங்கும் அளவைவிட 2 பி.எஸ்.ஐ. (டயருக்குக் காற்று அடிக்கும்போது சொல்லும் அளவு) குறைவாக இருக்க வேண்டும். 1.4 பார் என்பது 20 பி.எஸ்.ஐ., ஆகவே 18. பைக்கின் முன்சக்கரத்துக்குப் பிடிப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. அளவு காட்டும் சைக்கிள் பம்ப் போதும், பஞ்சர் கடைத் தம்பியைக் கூப்பிட்டாலும் செய்துகொடுப்பார். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அளவு பார்த்தால் அது தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும், காற்றின் அழுத்தத்தை அல்ல. கடைசியில் வால்வின் மேல் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் உள்முள்ளை மாற்றுங்கள்.

இனி அந்த நடுராத்திரி விவகாரம். இது இரண்டாவது நோய். குழாய் எல்லாம் மூடியிருந்தும் அழுத்தம் இறங்குகிறது என்றால் தண்ணீர் எங்கோ போகிறது. ஆனால் இது இரண்டு மாதத்துக்கு முன் தொடங்கியது என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உருளை இப்போது 300 மில்லி மட்டும் கொடுக்கிறது, அது 12 நிமிடத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஒன்றரை லிட்டர் ஒழுகல். உருளையில் 8 லிட்டர் கொடுக்கும் காற்று இருந்த காலத்தில் அதே ஒழுகலுக்குப் பம்ப் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஓடியிருக்கும். யார் கவனித்திருப்பார்கள்?

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, பம்புக்கு அப்பால் வீட்டுக்குள் இறங்கும் குழாயில் உள்ள வால்வை ராத்திரி மூடிவிட்டு அரை மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். பம்ப் பேசாமல் இருந்தால் ஒழுகல் வீட்டுக்குள். முதல் சந்தேகம் எப்போதும் ஃபிளஷ் டேங்க் மேல்தான். அதில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. நீலம் இறங்காவிட்டால் ஆங்கிள் காக்குகளை, அதாவது ஃபிளஷ் டேங்க், வாஷ்பேசின் போன்றவற்றுக்குச் சுவரிலிருந்து தண்ணீர் தரும் சின்னத் திருகுகளை, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். கீசரின் சேஃப்டி வால்வையும் ஒரு பார்வை பாருங்கள். என் வீட்டில் ஒரு முறை இதே தேடலில் இரண்டு நாள் போனது, கடைசியில் யாரும் பயன்படுத்தாத பின்பக்கக் குளியலறையின் ஹெல்த் ஃபாசெட்டில் மாட்டியது.

வால்வை மூடிய பிறகும் பம்ப் ‘டக்’கென்றால் கோளாறு மாடியிலேயே இருக்கிறது. தண்ணீர் பின்னோக்கி டேங்க்குக்கே திரும்புகிறது, அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு சரியாக மூடவில்லை. அதில் மணலோ உப்புக் கட்டியோ மாட்டியிருக்கும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. கரண்ட் போனால் தண்ணீர் வரட்டும் என்று பம்பைச் சுற்றி ஒரு பைபாஸ் குழாய் போட்டிருப்பார்கள். அதில் உள்ள வால்வு நூலளவு திறந்திருந்தாலும் இதே கூத்துதான். இவையெல்லாம் சில நூறு ரூபாய்ச் சாமான்கள்.

இதற்கெல்லாம் சோம்பல்பட்டுத் தள்ளிப் போட்டாலும் ஆபத்து. மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. விடிய விடிய கிளம்பினால் சுவிட்சின் முனை கருகும், கெப்பாசிட்டர் போகும், அப்புறம் மெக்கானிக் சொன்னது நிஜமாகவே நடந்துவிடும்.

அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். பம்பை மாற்றினால் கூடவே புது உருளையும் வரும், புதுக் காற்றும் வரும், சத்தம் நின்றுவிடும். தான் சொன்னதுதான் சரி என்று அவரும் நம்புவார், நீங்களும் நம்புவீர்கள். ஒழுகல் மட்டும் அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் செய்யவிடாதீர்கள்: பிரஷர் சுவிட்சைத் திறந்து நட்டைத் திருகுவது. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது என்பது ஒரு புறம், அளவைக் கூட்டிவைத்தால் பம்ப் நிற்கவே நிற்காது என்பது மறுபுறம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிரஷர் பம்ப் கிடையாது. சம்ப்பிலிருந்து மேல்டேங்க்குக்கு ஏற்றும் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் போட்டிருக்கிறோம். ஒருவர் முகம் கழுவினாலே மோட்டார் ஓடுகிறது. கன்ட்ரோலர் போய்விட்டதா?
- வாசகர், மதுரை

பதில்: மேல்டேங்க்கைத் திறந்து உள்ளே பாருங்கள். மேல் சென்சாரும் கீழ் சென்சாரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால், நாலு விரற்கடை தண்ணீர் இறங்கியதுமே மோட்டாருக்கு உத்தரவு போகும். கீழ் சென்சாரை டேங்க்கின் பாதிக்கு இறக்குங்கள். மிதவை வகை என்றால், எடை கட்டிய இடத்துக்கும் மிதவைக்கும் நடுவில் உள்ள ஒயரின் நீளத்தைக் கூட்டுங்கள். போர் தண்ணீர் என்றால் சென்சார் முனைகளில் உப்புப் படிந்திருக்கும், தேய்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் டேங்க் நிரம்பாமல் பாதியில் நின்று, கால் மணி கழித்துத் தானே கிளம்பினால் அது வேறு கதை. மோட்டார் உடம்பைத் தொட முடியாத அளவு சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு அதை நிறுத்துகிறது. வோல்டேஜையும், தண்ணீரில்லாமல் ஓடுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கி 14 மாதமான பம்ப்புக்கு இரண்டு வருட வாரண்டி. பலூன் கிழிந்ததற்கு “ரப்பர் வாரண்டியில் வராது” என்று சர்வீஸ் சென்டரில் பணம் கேட்கிறார்கள். சரிதானா?
- வாசகர், ஈரோடு

பதில்: வாரண்டி அட்டையில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ரப்பர் பாகங்களையும் சீலையும் விலக்கி அச்சடித்திருந்தால் உங்கள் வாதம் பலவீனம்தான். இல்லையென்றால் வாயால் பேசுவதை நிறுத்திவிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு பலூனுக்காக அதுவரை போவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. பெரும்பாலும் 1915 கட்டத்திலேயே சென்டரின் குரல் மாறும்.

பில் தெர்மல் தாளில் அடித்ததா என்று இன்றே பாருங்கள். அது சில மாதத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். பணம் கட்டி மாற்றுவதாக முடிவானால் கழற்றிய பழைய பலூனைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் வராதீர்கள்.